கட்டம் போட்டதற்கும் கட்டணமா?

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பிள்ளைப்பாக்கம் என்றோர் ஊர் இருக்கிறது. ஏரியும் வயலுமாக இருந்த இந்த ஊரில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது. அங்குள்ள ஒரு தொழிற்சாலைக்கு முகவரி எழுதிப் பாருங்கள். தொழிற்பேட்டையின் பெயர், மனை எண், பிறகு ஸ்ரீபெரும்புதூர் 602105. இந்த ஆறு இலக்க எண்ணை நமது தபால் துறை 1972ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அறிமுகப்படுத்தியது. கடிதத்தைச் சரியான தபால் நிலையத்தில் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. அதற்குமேல் தபால்காரர் பார்த்துக்கொள்வார். அவருக்கு ஊரைத் தெரியும். ஆனால் புனேயிலிருந்து உதிரி பாகம் ஏற்றி வரும் லாரி டிரைவருக்கு ஊரைத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு வரும் ஆம்புலன்சுக்கும் தெரியாது. ஒரே மாதிரியான மதில்களும் ஒரே மாதிரியான வாயில்களும் கொண்ட தொழிற்பேட்டைச் சாலையில், ‘டீக்கடைக்கு எதிரே’ என்று வழி சொல்ல டீக்கடை இருந்தால் அதுவே பாக்கியம்.

இந்தச் சங்கடத்துக்கு விஞ்ஞானம் ஒரு விடை வைத்திருக்கிறது. பூமியின் மேற்பரப்பு முழுவதையும் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு கொடுத்துவிட்டால் போதும். செல்பேசியிலும் காரிலும் உள்ள படம் அந்தக் குறியீட்டைப் படித்து நம்மை வாயிலிலேயே கொண்டு நிறுத்தும். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கட்டம் போடும் முறை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்திருக்கிறது. வியப்பு அதில்தான் இருக்கிறது.

முதலில் நம் நாட்டு முறையைப் பார்ப்போம். தபால் துறை 2025 மே 27 அன்று ‘டிஜிபின்’ என்னும் முறையைப் பொதுமக்களுக்கு அளித்தது. ஐதராபாத் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் இதை உருவாக்குவதில் தபால் துறையுடன் சேர்ந்து உழைத்தன. ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு முறையையும் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம்.

வடக்கு அட்சரேகை 2.5 பாகை முதல் 38.5 பாகை வரை, கிழக்குத் தீர்க்கரேகை 63.5 பாகை முதல் 99.5 பாகை வரை ஒரு பெரிய சதுரம் வரையுங்கள். இரு திசையிலும் 36 பாகை. இந்தியா முழுவதும், சுற்றியுள்ள கடலில் ஒரு பகுதியும் இதற்குள் அடங்கிவிடும். இந்தச் சதுரத்தை நெடுக்கில் நான்கு, குறுக்கில் நான்கு என 16 கட்டங்களாக்குங்கள். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக எஃப், சி, 9, 8 என்று எழுதுங்கள். இரண்டாம் வரிசையில் ஜே, 3, 2, 7. மூன்றாம் வரிசையில் கே, 4, 5, 6. கடைசி வரிசையில் எல், எம், பி, டி. 2 முதல் 9 வரையான எண்கள் நத்தைக் கூட்டைப் போல நடுவிலிருந்து சுருளாக வெளியேறுவதைக் கவனித்தீர்களா? சுழியமும் ஒன்றும் இதில் இல்லை. ஆங்கில ‘ஓ’வும் ‘ஐ’யும்கூட இல்லை. ஆகையால் எண்ணா எழுத்தா என்ற குழப்பத்துக்கு இடமே இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் சுமாராக 12.9 பாகை வடக்கிலும் 79.9 பாகை கிழக்கிலும் இருக்கிறது. முதல் பிரிப்பில் ஒவ்வொரு கட்டமும் 9 பாகை. நமது வட்டாரம் மூன்றாம் வரிசை, இரண்டாம் கட்டத்தில் விழுகிறது. ஆகவே முதல் குறி 4. இப்போது அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்து மீண்டும் 16 ஆக்குங்கள். இம்முறை கடைசி வரிசை, கடைசிக் கட்டம்: டி. அதையும் 16 ஆக்கினால் 3 வருகிறது. ஆகப் பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பரங்கிமலை ஆகிய எல்லா இடங்களின் குறியீடும் 4, டி, 3 என்றே தொடங்கும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். என்னை நம்ப வேண்டாம். இந்த நிலையில் கட்டத்தின் பக்கம் 62 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இப்படியே பத்து முறை பிரிக்க வேண்டும்.

நான்கைப் பத்து முறை பெருக்கினால் 10,48,576. ஒரு பாகை அட்சரேகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். எனவே 36 பாகைக்கு 3,996 கிலோமீட்டர். அதை 10,48,576 ஆல் வகுத்தால் 3.8 மீட்டர் வருகிறது. பத்துக் குறிகளில், ஒரு சிறிய அறை அளவுக்கு இடத்தைச் சுட்டிவிட்டோம்! (கிழக்கு மேற்காக அளந்தால் இன்னும் சற்றுக் குறையும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிச் செல்வதால் அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். 13 பாகையில் அது 0.974, கட்டத்தின் அகலம் 3.7 மீட்டர் ஆகிறது. பத்தாம் வகுப்பில் திரிகோணமிதி எதற்கு என்று கேட்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.)

இந்த முறையின் மூல நிரலைத் தபால் துறை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. ‘அப்பாச்சி’ எனப்படும் உரிமத்தின் கீழ் யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், தாம் செய்யும் பொருளில் சேர்த்து விற்கவும் செய்யலாம். இந்த உரிமத்தில் ஒரு நுட்பமான ஷரத்து உண்டு. நிரலை அளிப்பவர் அதற்குத் தேவையான தமது காப்புரிமைகளையும் சேர்த்தே அளித்துவிடுகிறார். பெற்றுக்கொண்ட ஒருவர் பின்னால் இதே நிரலின் பேரில் காப்புரிமை வழக்குப் போட்டால், அவருக்குக் கிடைத்த அந்தக் காப்புரிமை அனுமதி போய்விடும். கொடுத்த கையைக் கடிக்காதே என்பதைச் சட்ட மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி இன்னொரு முறையைப் பார்ப்போம். லண்டனில் 2013இல் தொடங்கப்பட்ட ‘வாட் த்ரீ வேர்ட்ஸ்’ என்ற நிறுவனம் உலகத்தை மூன்று மீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்களைப் பெயராக வைத்திருக்கிறது. உலகின் பரப்பு சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 லட்சம் சதுர மீட்டர். ஒரு சதுரம் 9 சதுர மீட்டர். வகுத்தால் ஏறத்தாழ 57 லட்சம் கோடி சதுரங்கள். 40,000 ஆங்கிலச் சொற்களை மும்மூன்றாக அடுக்கினால் 64 லட்சம் கோடிப் பெயர்கள் கிடைக்கும், போதும். அழகான கணக்குத்தான். தமிழ்ச் சொற்களிலும் இந்தச் சேவை உண்டு. பிரிட்டனின் அவசர உதவித் துறைகள் பலவும் இதைப் பயன்படுத்துகின்றன. மலையில் வழி தவறியவர் பத்து எழுத்து எண்களைச் சொல்வதைவிட மூன்று சொற்களைச் சொல்வது எளிது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் ஒரு சதுரத்துக்கு எந்தச் சொற்கள் என்பதை நீங்கள் காகிதத்தில் கணக்கிட முடியாது. சொற்களை வேண்டுமென்றே கலைத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்தடுத்த சதுரங்களின் சொற்களுக்குள் எந்த உறவும் இல்லை. அந்த நிறுவனத்தின் நிரல் இல்லாமல் அந்த மூன்று சொற்களும் வெறும் சொற்கள். முறைக்குக் காப்புரிமை இருக்கிறது, சொற்பட்டியலுக்குப் பதிப்புரிமை கோரப்படுகிறது. தனி மனிதர்களுக்கு இலவசம், வணிகத்துக்குக் கட்டணம். இதே பெயர்களைத் தரும் மாற்று நிரல் ஒன்றைச் சிலர் எழுதி வெளியிட்டபோது நிறுவனம் அதை நீக்க வைத்தது. 2021இல், அந்த மாற்று நிரலைப் பிறருக்குத் தர முன்வந்த அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவருக்கு வக்கீல் கடிதம் போயிற்று. ஒத்த ஒலியுள்ள சொற்களால் ஆபத்து நேரலாம் என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டி வந்த காலம் அது. தமிழில் ‘ஏரி’யையும் ‘ஏறி’யையும் தொலைபேசியில் பிரித்துக் கேட்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். உயிர் காக்கும் வேலைக்குப் பயன்படும் ஒரு முறையைப் பிறர் திறந்து பார்த்துச் சோதிக்க முடியாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு தராசு சரியா என்று பார்க்க எடைக்கல்லைக் கேட்டால், கல் எங்கள் சொந்தச் சொத்து, தொடாதே என்று கடைக்காரர் சொல்வதைப் போல் இருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஓர் எச்சரிக்கை. நமது பத்திரிகைகள் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறுபட்ட விஷயங்களுக்குப் பயன்படுத்துகின்றன. எழுதிய நூலைப் பிறர் அப்படியே அச்சிடாமல் காப்பது பதிப்புரிமை. நிரலும் ஒரு நூல்தான். அதை எழுதியவருக்குப் பதிப்புரிமை உண்டு. அதில் எனக்கு வழக்கில்லை. பேட்டண்ட் என்னும் காப்புரிமையோ எழுத்தைக் காப்பதில்லை. யோசனையைச் செயல்படுத்தும் முறையையே பூட்டி வைக்கிறது. நீங்கள் மற்றவர் நிரலில் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல், உங்கள் சொந்த மூளையால் அதே முறையைக் கண்டுபிடித்து எழுதினாலும், காப்புரிமை உள்ளவர் உங்களைத் தடுக்கலாம். இருபது ஆண்டு காலம் தடுக்கலாம்.

அப்படியானால் காப்புரிமையே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். பிள்ளைப்பாக்கத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே கைபேசித் திரைக்கான கண்ணாடித் தொழிற்சாலை அமைக்க, கார்னிங் நிறுவனம் பங்குகொண்ட கூட்டு நிறுவனம் ஒன்று 2024இல் முன்வந்தது. கைபேசிக் கண்ணாடி எப்படி உறுதி பெறுகிறது தெரியுமா? சோடியம் அயனிகள் உள்ள கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் அமிழ்த்துவார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றின் இடத்தில் பருத்த பொட்டாசியம் அயனிகள் நெருக்கியடித்து உட்காரும். கூட்டமான பஸ்ஸில் இருவர் இருக்கையில் மூவர் அமர்ந்தது போல மேற்பரப்பு அமுக்கத்தில் இருக்கும். விரிசல் விட வேண்டுமானால் முதலில் அந்த அமுக்கத்தை வெல்ல வேண்டும். ஆகவே எளிதில் உடையாது. இந்தத் தத்துவத்தைச் சொல்வது சுலபம். எந்தக் கலவை, எத்தனை வெப்பம், எவ்வளவு நேரம் என்று கண்டறிய உலைகளும் ஆண்டுக்கணக்கான சோதனைகளும் பெரும் பணமும் வேண்டும். இப்படிப்பட்ட கண்டுபிடிப்பை முழுவதும் வெளியே எழுதிக் காட்டு, பதிலுக்குச் சில காலம் தனியுரிமை தருகிறோம் என்று அரசு சொல்வது நியாயமான பேரம். நமது காப்புரிமைச் சட்டமே அப்படிப்பட்ட பேரம்தான். நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1970இல் இயற்றப்பட்டது அது.

சதுரத்தை நான்கு நான்காகப் பிரிப்பதற்கு உலை எதற்கு? பென்சில் போதும். சற்று முன் நீங்களே செய்தீர்கள்.

இந்த யோசனை புதியதும் அல்ல. கனடாவின் நில விவரங்களைக் கணிப்பொறியில் அடுக்குவதற்காக ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மோர்ட்டன் 1966இலேயே கட்டங்களைப் பிரித்து வரிசைப்படுத்தும் முறை ஒன்றை எழுதி வைத்தார். குஸ்தாவோ நீமையர் என்ற நிரலாளர் 2008இல் ‘ஜியோஹாஷ்’ என்ற பெயரில் உலகம் முழுவதற்கும் இத்தகைய குறியீட்டை அமைத்து, அதை யாருக்கும் உரிமையில்லாத பொதுச் சொத்தாக அறிவித்தார். டிஜிபின் இந்தக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைதான். கைபேசி காட்டும் குறுக்கு வழிக்கும் இப்படியொரு மூதாதை உண்டு. டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் அமர்ந்து சுமார் இருபது நிமிடத்தில் மிகக் குறுகிய பாதை காணும் படிமுறையை யோசித்து முடித்தார். 1959இல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் அதைப் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியே இருக்கிறது. படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் படிமுறை ஒன்றுக்கு அமெரிக்காவில் 1985இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அதை அறியாமலே 1987இல் ‘ஜிஃப்’ என்ற பட வடிவம் அதன் மேல் கட்டப்பட்டு உலகெங்கும் பரவியது. காப்புரிமை கைவசமிருந்த யுனிசிஸ் நிறுவனம் 1994 டிசம்பரில் கட்டணம் கேட்டது. உலக நிரலாளர்கள் கொதித்தெழுந்து, 1995இல் கட்டணமில்லாத ‘பி.என்.ஜி.’ என்ற புது வடிவத்தைப் படைத்தார்கள். நல்ல பதிலடிதான். ஆனாலும் எத்தனை பேருடைய எத்தனை நாள் உழைப்பு, ஏற்கெனவே இருந்த ஒன்றைச் சுற்றிச் செல்வதற்காகச் செலவாயிற்று!

படத்துறையிலேயே நடந்த வழக்கு இன்னும் சுவையானது. பெர்லினைச் சேர்ந்த ஆர்ட்காம் என்ற சிறு நிறுவனம் 1994இல் ‘டெர்ராவிஷன்’ என்ற நிரலை உருவாக்கியது. விண்ணிலிருந்து பூமியைப் பார்த்து, அப்படியே இறங்கி ஒரு தெருவரை வரலாம். 2005இல் கூகிள் எர்த் வெளிவந்தது. எங்கள் முறையை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஆர்ட்காம் 2014இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2016இல் ஜூரிகள் காப்புரிமையே செல்லாது என்றார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏன் தெரியுமா? கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிலையத்தில் அதற்கு முன்பே அதே போன்றதொரு நிரல் இருந்தது. அதன் பெயரும் டெர்ராவிஷன்! இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் சிறு நிறுவனத்தின் பக்கம் பரிவு காட்டுகிறார்கள். எனக்கும் பரிவு உண்டு. ஆனால் கணிப்பொறியும் இணைப்பு வேகமும் ஓர் அளவை எட்டியதும் ஒரே யோசனை பல இடங்களில் ஒரே சமயத்தில் முளைத்திருக்கிறது என்பதே எனக்குத் தெரியும் உண்மை. முதலில் விண்ணப்பம் போட்டவருக்கு மட்டும் அதைச் சொந்தமாக்கினால் மற்றவர்களின் சிந்தனை என்ன, களவா?

நமது நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ‘கே’ என்ற உட்பிரிவு, கணித முறை, வணிக முறை, படிமுறை, ‘தன்னளவில் ஒரு கணிப்பொறி நிரல்’ ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்கிறது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த வரி அது. 2003 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. 2004 டிசம்பர் இறுதியில் வந்த ஓர் அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. தொழிலில் பயன்படும் நிரலுக்கும், வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் காப்புரிமை தரலாம் என்றது. கணிப்பொறியோடு சேராமல் நிரல் எங்கே ஓடும்? காற்றிலா? கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தார்கள். 2005 மார்ச்சில் பாராளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியபோது அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 6 அன்று ஐரோப்பியப் பாராளுமன்றமும் இதுபோன்ற ஓர் ஆணையை 648க்கு 14 என்ற வாக்கில் தூக்கி எறிந்தது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ‘தன்னளவில்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் வாதம் எல்லாம் நடக்கிறது. புதிய வன்பொருள் இருந்தால்தான் காப்புரிமை என்று 2016 பிப்ரவரியில் காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டி சொன்னது. 2017 ஜூனில் வந்த அடுத்த வழிகாட்டியில் அந்த நிபந்தனை காணாமல் போயிற்று. நிரல் ஒரு தொழில்நுட்ப விளைவைத் தந்தால் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் ஒரு வழக்கில் கூறியது. ஏ.சி. எந்திரத்தை ஓட்டும் நிரலுக்கும், காரின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் நிரலுக்கும் இது பொருந்தலாம். அங்கே இரும்பும் எண்ணெயும் உராய்வும் உண்டு. கட்டத்துக்குப் பெயர் வைப்பது, படத்தில் பாதை தேடுவது போன்றவை அந்தக் கதவு வழியாக நுழையக் கூடாது என்பது என் கருத்து. கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் நாளை பரிசோதகராக உட்காரப் போகிறவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

‘உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வேண்டும். மேப்மைஇந்தியா நிறுவனம் 1995 முதல் நமது ஊர்களையும் தெருக்களையும் அளந்து படமாக்கி வருகிறது. அந்தத் தகவல் திரட்டு அதன் உழைப்பு. 2024 ஜூலையில், தன் தகவலை ஒப்பந்தத்துக்கு மாறாக எடுத்துத் தனது படத்தை உருவாக்கியதாக ஓலா நிறுவனத்துக்கு அது நோட்டீஸ் அனுப்பியது. ஓலா அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. நான் கவனித்தது வேறு. அந்த நோட்டீஸ் பேசியது ஒப்பந்தத்தையும் தகவலையும் பற்றித்தான். படம் வரையும் முறைக்குக் காப்புரிமை இல்லாமலேயே ஒரு நிறுவனம் தனது உழைப்புக்காக வழக்காட முடிகிறது.

இலவசமாக உழைத்தவர்கள் கதை ஒன்றும் உண்டு. கூகிள் நிறுவனத்தின் பெங்களூர்ப் பொறியாளர்கள் 2008இல் ‘மேப் மேக்கர்’ என்ற வசதியைத் தந்தார்கள். நம் மக்கள் ஆர்வத்தோடு தெரு, கோயில், பள்ளிக்கூடம் என்று குறித்துக் கொடுத்தார்கள். சேர்ந்த தகவல் கூகிளின் படத்துக்குப் போயிற்று. 2017 மார்ச்சில் அந்த வசதி மூடப்பட்டது. அதற்கு மாறாக, 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்கள் குறிப்பது எல்லோருக்கும் பொது. எடுத்துப் பயன்படுத்துகிறவர் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். தகவல் திரட்டைத் திருத்தி வெளியிட்டால் அதையும் பொதுவில் வைக்க வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாற்றில் வெள்ளம் பாய்ந்தபோது, இந்தப் படத்தின் மேல்தான் ஆர்வலர்கள் வெள்ள வரைபடம் ஒன்றை அமைத்தார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று சென்னை மக்களே தொட்டுத் தொட்டுக் குறித்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தால் தண்ணீரல்லவா முந்தியிருக்கும்!

அனுமதி கேட்பது நமக்குப் பழகிப்போன வழக்கம்தான். 1802 ஏப்ரலில் லாம்டன், பரங்கிமலை அடிவாரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை 57 நாட்களில் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கேதான் பிறந்தது. அந்த மலையிலிருந்து பிள்ளைப்பாக்கம் அதிக தூரமில்லை. ஆனாலும் அந்த அளவையில் பிறந்த துல்லியமான வரைபடங்களை நம்மவர் தாராளமாகப் பயன்படுத்த நெடுங்காலம் முடிந்ததில்லை. 2021 பிப்ரவரியில் வந்த புதிய விதிகள்தான் இந்திய நிறுவனங்களும் தனிமனிதரும் பெரும்பாலும் முன் அனுமதியின்றிப் படமெடுக்கவும் வெளியிடவும் வழிவிட்டன. அரசாங்கம் பூட்டைத் திறந்திருக்கும் நேரத்தில் தனியார் வேறொரு பூட்டைக் கொண்டுவந்து மாட்டுவதை எப்படி ஏற்பது?

டிஜிபினில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தமிழ் எழுத்து அதில் இல்லை. பத்துக் குறிகளை மனப்பாடம் செய்வது பாட்டிமார்களுக்குச் சுலபமல்ல. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். பல மாடிக் கட்டடங்கள். டிஜிபின் தரையை மட்டுமே பிரிக்கிறது, உயரத்தைப் பிரிக்கவில்லை. ஆகவே ஒன்றின் மேல் ஒன்றாக உள்ள அறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடுதான் வரும். ஆம்புலன்ஸ் வாயிலுக்கு வந்துவிடும்; எத்தனையாவது மாடி என்று யார் சொல்வது? பதினோராவதாக ஒரு குறியைச் சேர்த்தால் 16 மாடிகளைக் குறிக்கலாம். ஆனால் தரைத்தளத்துக்குக் கீழே வண்டி நிறுத்துமிடம் இருந்தால் அதற்கு எந்தக் குறி? பழைய பத்துக் குறிக் குறியீடுகள் குழம்பாமல் இதை எப்படிச் சேர்ப்பது? மூல நிரல் சில பக்கங்கள்தான். கணக்கு ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு விடுமுறைக்குள் முயன்று பார்க்கலாம்.